மெய்க்கீர்த்தி என்னும் சொல்: ஓர் ஐயமும் விடையும்

சீடன்: ஐயனே, சோழர் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் மன்னனின் வெற்றிகளை அடுக்கிப் போற்றும் செய்யுட்பகுதி மெய்க்கீர்த்தி எனப்படுகிறது. தன் புகழைத் தானே பொறிப்பித்த பகுதிக்கு 'மெய்' என்னும் அடை எவ்வாறு பொருந்தும்?

குரு: கீர்த்தி என்பது எடுத்துரைத்தல் என்னும் பொருளை அடியாகக் கொண்ட வடசொல், மெய் என்பது உண்மையையும் உடலையும் குறிக்கும் தமிழ்ச்சொல், இங்கு உண்மை என்பதே பொருந்தும். முதலாம் பராந்தகனுக்கு 'மதிரை கொண்ட' என்னும் ஓர் அடைமொழியே போதுமானதாக இருந்தது. 985இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசனின் எட்டாம் ஆட்சியாண்டளவில்தான் அது நெடிய செய்யுளாக வளர்ந்தது.

சீடன்: வடமொழிப் பிரசத்தியின், அதாவது அரசர் புகழுரையின், தழுவல்தானே இது?

குரு: தழுவல் என்றே கொண்டாலும் உன் முதல் ஐயம் தீராது, ஆதலின் அதை விடுக.

சீடன்: அவ்வாறாயின், வெற்றியை மட்டும் கூறித் தோல்வியை மறைப்பது பொய்யே அன்றோ?

குரு: இதுவே விடை காணத்தக்க வினா. மரம் தன் வயதை உலகுக்கு அறிவிக்க வளையம் இடுவதில்லை. ஆயினும் அடிமரத்தை அறுத்துப் பார்ப்பவனுக்கு அவ்வளையங்கள் பொய் சொல்வதில்லை. இராசராசனின் மெய்க்கீர்த்தியில் காந்தளூர்ச் சாலை வெற்றி முன்நிற்க, ஆட்சி வளர வளரப் பிற நாடுகள் அதனோடு சேர்கின்றன. மாலத்தீவு எனக் கருதப்படும் 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' கடைசிக்காலச் சாசனங்களிலேயே தோன்றுகிறது. அவ்வாறே, 1025இல் நிகழ்ந்த கடாரப் படையெடுப்பு முதலாம் இராசேந்திரனின் முற்காலக் கல்வெட்டுகளில் இல்லை. ஆட்சியாண்டு சிதைந்துபோன கல்லுக்கும், அதில் எவ்வெற்றி உளது, எது இலது என்பதைக் கொண்டே ஆய்வாளர் காலம் கணிக்கின்றனர். புகழ்வதற்காக எழுதப்பட்டது, வளையம் வளையமாக வளர்ந்ததனாலேயே சான்றாயிற்று.

தோல்வியும் முற்றிலும் மறைவதில்லை. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த செய்தியைப் பகைவரான இராட்டிரகூடரின் ஆதகூர்க் கல்வெட்டு உரைக்கிறது; ஒரு மரத்தின் வளையத்தை அருகில் வளர்ந்த மரத்தின் வளையத்தோடு ஒப்பிடுவது போல, இவ்விரு தரப்பையும் சேர்த்தே படித்தல் வேண்டும். 1054இல் கொப்பத்துப் போரில் யானைமீதிருந்தே உயிர்துறந்த முதலாம் இராசாதிராசனைச் சோழர் கல்வெட்டுகளே 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்கின்றன, துஞ்சுதலாவது உறங்குதல். அக்களத்தில் போரைத் தொடர்ந்து வென்ற தம்பி இரண்டாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, கொல்லாபுரத்தில் அவன் வெற்றித்தூண் நாட்டியதைப் பாடுகிறது.