சிறார்க்கு எந்த நூலை வாசிப்பது?

ஸ்ரீ:



குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் கிருஹத்திலேயே கல்வி பயிற்றுவிக்கும் பெற்றோர் இக்காலத்தில் சிலர் உளர். நித்தியம் அவர்களோடு அமர்ந்து உரக்க வாசிக்க எந்த நூலைக் கொள்வது என்பது அவர்தம் வினா. பள்ளிக்கு அனுப்புவோர்க்கும் இது உரிய வினாவே.

இதற்கு ஆதிகாவியமே விடை கூறுகிறது. 24,000 சுலோகங்களைச் செய்து முடித்த வால்மீகி பகவான், இதனைப் பாடவல்லார் யாவர் என்று சிந்தித்திருக்கையில், அவர் திருவடிகளைப் பற்றியவர்கள் ஆசிரமத்தில் வளர்ந்த இரு பாலகர்களான குசலவர்களே. அவர்களுக்கு மகரிஷி கற்பித்தது எது? அவர்களுடைய தாயார் அசோகவனத்தில் பட்ட துயரமும், அக்கினிப் பிரவேசமும் அடங்கிய சரிதம். குழந்தைகள் மனம் வாடுமே என்று அவர் ஒன்றையும் நீக்கினாரில்லை. பிராட்டியின் சிறையிருப்பின் பெருமையை உரைப்பதே ஸ்ரீராமாயணம் என்பது பிள்ளை லோகாசாரியரின் திருவுள்ளம். துக்கத்தை நீக்கிவிட்டால் அப்பெருமை எங்ஙனம் விளங்கும்?

கிஷ்கிந்தா காண்டம் வாசிக்கையில், “இராமன் மறைந்து நின்று அம்பு எய்யலாமோ?” என்று குழந்தை கேட்கும். அதட்டி வாயடைத்தல் தகாது. அக்கேள்வியை வாலியே பெருமாளின் முகத்தெதிரே கேட்கிறான். அது 17-ஆவது ஸர்க்கம். பெருமாள் விடையளிப்பது 18-ஆவது ஸர்க்கம். இரண்டையும் முழுதும் வாசித்துக் காட்டுக. கவி மறைக்காத கேள்வியை நாம் ஏன் மறைக்க வேண்டும்? வினவ இடமளிக்கும் நூலே குழந்தையோடு கூட வளரும் நூல்.

எனினும் பருவமறிந்து ஊட்டுதல் வேண்டும். மழலைப் பருவத்தினர்க்குப் பெரியாழ்வார் திருமொழி. தாலாட்டும், அம்புலியை அழைத்தலும், சப்பாணி கொட்டுதலும் அவர்களுடைய விளையாட்டே அன்றோ! சற்று வளர்ந்தபின் திருப்பாவை, மார்கழியில் நாளொரு பாசுரமாக 30. அடுத்து ஸ்ரீமத் பாகவதத்தில் துருவன், பிரஹ்லாதன், கஜேந்திரன் சரிதங்கள். சுந்தர காண்டம் 68 ஸர்க்கங்கள். நாளொன்றுக்கு ஒரு ஸர்க்கமாக வாசிப்பின் இரண்டு மாதத்திற்குச் சற்று மேலாகும். பொருளை அவ்வப்போது எளிய தமிழில் கூறுக. மூலத்தின் ஓசையைக் கைவிடற்க. ஆசாரியன் ஒருமுறை சொல்ல, சிஷ்யன் இருமுறை சொல்லும் சந்தை முறை இல்லத்திற்கும் ஏற்றதே.

உரக்க வாசிப்பதால் யாது பயன் என்பீராயின், நாதமுனிகளை நினைமின். வீரநாராயணபுரத்திற்கு வந்த யாத்திரிகர்கள், திருக்குடந்தை எம்பெருமான் விஷயமான நம்மாழ்வாரின் ஒரு திருவாய்மொழியை அநுசந்தித்தார்கள். அது அவர் திருச்செவியில் விழுந்தது. அதனைத் தேடித் திருக்குருகூர் சென்றவர்க்கு நாலாயிரமும் கிடைத்தது என்பது குருபரம்பரை கூறும் விருத்தாந்தம். அன்று அவர்கள் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துச் சென்றிருப்பின் நம் கதி யாதாகும்?

யாத்திரையாக வந்துள்ள அன்பர்களே! நீவிரும் அவ்வழியினரே. இல்லம் திரும்பியதும், அந்தியில் விளக்கேற்றிய பின்னர், கால் நாழிகையேனும் குழந்தைகளை அருகிருத்தி ஒரு பாசுரமேனும் வாய்விட்டு வாசியுங்கள். எந்தச் செவியில் எந்தச் சொல் வேரூன்றும் என்பதை எம்பெருமான் ஒருவனே அறிவான். அவன் திருவருள் உங்கள் மனைகளில் மழலைக் குரலாக ஒலிக்குமாறு அடியேன் பிரார்த்திக்கிறேன்.

சுபம்.