செம்பு இல்லாத இடம்

பிரானேசியின் சிறைகளை வண்ணத்தில் நகலெடுக்க உட்கார்ந்தால் முதல் நாளே ஒரு கேள்வி வந்து நிற்கும்: வெளிச்சத்துக்கு என்ன செய்வது? மூலப்படத்தில் வெளிச்சம் என்று எதையும் அவர் அச்சிடவில்லை. மை படாமல் விட்ட காகிதம்தான் அங்கே வெளிச்சம். நான் வரைவது பழுப்புக் காகிதத்தில், கவாஷ் வண்ணத்தில். வெளிச்சம் வேண்டுமென்றால் வெள்ளைக் குழாயைப் பிதுக்கி நானேதான் வைத்தாக வேண்டும்.

ஜொவான்னி பத்திஸ்தா பிரானேசி 1720-ல் வெனிஸுக்கு அருகே பிறந்தவர். ரோமுக்குப் போய், அந்த நகரத்தின் மண்டபங்களையும் இடிபாடுகளையும் எட்சிங் செய்து விற்று வாழ்ந்தார். யாரும் கட்டச் சொல்லாத, யாராலும் கட்டவும் முடியாத சிறைகளை 1750 வாக்கில் 14 படங்களாக வெளியிட்டார். 1761-ல் அதே செப்புத் தகடுகளை மறுபடி கையில் எடுத்து, இரண்டு புதிய படங்களையும் சேர்த்து 16 ஆக்கினார். இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் கோடுகள் ஓடிக்கொண்டிருக்கும், காற்று உலாவும். இரண்டாவதில் உத்தரங்கள், சங்கிலிகள், சக்கரங்கள், மேலும் மேலும் படிக்கட்டுகள். சில இடங்களைத் தேய்த்து அழித்தும் இருக்கிறார். ஆனாலும் பதினோரு ஆண்டு இடைவெளியில் நடந்தது பெரும்பாலும் இருட்டைக் கூட்டிய வேலைதான்.

இந்த இடத்தில்தான் புனித அகுஸ்தினார் என்னை விடாமல் பிடித்துக்கொள்கிறார். மறைக்கல்வி வகுப்பில் எங்களுக்கு அவருடைய போதனையை இப்படிச் சொல்லித்தந்தார்கள்: தீமைக்கென்று சொந்தமாக ஓர் இருப்பு கிடையாது, நன்மை குறைந்துபோன இடத்துக்குத்தான் தீமை என்று பெயர், வெளிச்சம் இல்லாமைதான் இருட்டு என்பதுபோல. சிறுவயதில் இது எனக்கு ஆறுதலாக இருந்தது. பிரானேசியின் அச்சுப்படமோ நேர் எதிராகப் பேசுகிறது. அதில் இருட்டுதான் பொருள். மையாக, தடிப்பாக, விரலால் தடவினால் தட்டுப்படுகிற மேடாக இருப்பது இருட்டு. எதுவும் செய்யப்படாத இடம் வெளிச்சம். அப்படியானால் படைப்பில் உழைப்பெல்லாம் இருளுக்குப் போனது, ஒளி வெறும் மிச்சம் என்று ஆகிவிடாதா?

விடை தகட்டில் இருக்கிறது. செப்புத் தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கீறுவார்கள். பூச்சு விலகிய கோடுகளில் செம்பு வெளியே தெரியும். தகட்டை அமிலத்தில் இட்டால், தெரிகிற செம்பை மட்டும் அமிலம் தின்னும். மெல்லிய கோடாக நிற்க வேண்டியதை வார்னிஷ் தடவி மூடிவிட்டு, கருமை வேண்டிய கோடுகளை மறுபடி அமிலத்துக்குக் கொடுப்பார்கள். எவ்வளவு நேரம் கடிக்கிறதோ அவ்வளவு ஆழம். பிறகு தகடு முழுக்க மை அப்பித் துணியால் துடைத்தால், மேல்பரப்பு பளிச்சென்று ஆகிவிடும். பள்ளங்களில் மட்டும் மை தங்கும். அதாவது படத்தில் மிகக் கருப்பாக இருக்கும் இடம் எதுவோ, அதுவே தகட்டில் செம்பு மிக அதிகமாக இழந்த இடம். அச்சில் அகுஸ்தினாரை மறுத்த அதே கோடு, உலோகத்தில் அவரை ஒப்புக்கொள்கிறது.

ஒப்புக்கொள்வதோடு நிற்கவில்லை, அவர் சொன்னதாக எனக்குப் போதிக்கப்படாத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறது. இல்லாமை சும்மா இருப்பதில்லை. அதற்கு ஆழம் உண்டு, ஆழத்துக்கு ஒரு பிடி உண்டு. துணி எத்தனை முறை போனாலும் பள்ளம் மையை விடாது. பல் விழுந்த இடத்தையே நாக்கு தேடிப் போவதுபோல, குறை தன்னை நிரப்பிக்கொள்ள எதையாவது இழுத்து வைத்துக்கொள்கிறது. பத்தாவது படத்தில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல்மேடையில் கட்டுண்ட மனிதர்கள் கிடக்கிறார்கள். மற்றப் படங்களில் எறும்பளவு தெரியும் உருவங்கள் இங்கே பெருத்து, திமிறி, உடம்பாகவே இருக்கின்றன. அவர்களிடம் போய், 'உங்கள் வேதனைக்குத் தனி இருப்பு இல்லை' என்று நான் சொல்ல மாட்டேன். இருப்பு இல்லாத ஒன்றுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்பேன். அந்தக் கேள்விக்குச் செம்பு சொன்ன அளவுக்குக்கூட வேறு எந்த உரையாசிரியரும் எனக்குச் சொன்னதில்லை.

வண்ணத்தில் நகலெடுக்கும்போது இந்த உண்மை கைநழுவிப்போகும் ஆபத்து இருக்கிறது. தூரிகைக்குக் கருப்பும் வெள்ளையும் ஒன்றுதான்; இரண்டையும் மேலே பூசுகிறோம், எங்கேயும் எதுவும் குறைவதில்லை. அச்சுப் பிரதியோடு நிறுத்திக்கொண்டால் போதாதா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. போதாது என்றே சொல்வேன். பதினான்காவது படத்தில் ஒரு தூண், அடியில் பார்த்தால் ஒரு தளத்தில் நிற்கிறது. கண்ணை மேலே ஏற்றினால் வேறொரு தளத்து வளைவோடு போய்ச் சேர்கிறது. கோட்டில் இந்தப் பொய் நிற்கும். நிறம் கொடுக்கும்போது, எது முன்னால், எது பின்னால், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று ஒவ்வொரு கல்லிலும் முடிவெடுத்தாக வேண்டும். வெளிப்புறமே இல்லாத ஓர் இடத்துக்குள் ஒளி எந்த வழியாக வந்தது என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. எனக்கு இது செபத்துக்கு நிகரான வேலை.

பிரானேசியும் இதே வேலையைச் செய்ய நேர்ந்தது. சிறைகளைக் கருப்பாக்கிய மூன்று ஆண்டுகளில், 1764-ல், ரோமின் அவந்தீன் குன்றில் மால்டா வீரத்துறவிகளின் சாந்தா மரியா தேவாலயத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. கட்டடக் கலைஞர் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டவர் கல்லிலும் சாந்திலும் முடித்துக் காட்டிய பெரிய வேலை அது ஒன்றுதான். உள்ளே எல்லாம் வெள்ளை. பலிபீடத்தின் முன்புறத்தில் புனித பசிலியார் வானகம் ஏறும் சிற்பத் திரள். சுற்றிப் பின்னால் போனால் ஒரு வெற்று உருண்டை, அலங்காரம் ஏதுமில்லாமல். 1778-ல் இறந்தவரை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். அந்த வெள்ளை, விட்டுவைத்த காகிதம் அல்ல. சாரத்தில் ஏறி, சாந்து குழைத்து, கொத்தர்கள் கையால் அப்பிய வெள்ளை. எவ்வளவு அளவு, என்ன வேலை, அதற்கு என்ன விலை என்று எழுதிவைத்த கணக்கேடு இன்று நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏவரி நூலகத்தில் இருக்கிறது.