கட்டி முடித்தபின் இறங்கும் வீடு

பின்லாந்தில் முழு மரத் தடிகளைப் படுக்கவைத்து அடுக்கிக் கட்டிய வீடுகள் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கின்றன. பெத்தாயவெசி என்ற ஊரின் பழைய தேவாலயம் 1763க்கும் 1765க்கும் இடையில் அப்படிக் கட்டப்பட்டதுதான். புது வீடுகளும் பைன், ஸ்ப்ரூஸ் தடிகளில் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. படத்தில் பார்க்கிறவர் கண்ணில் சுவரின் கனமும், மூலையில் தடிகள் ஒன்றையொன்று கவ்வி நிற்கும் அழகும் படும். கட்ட நினைப்பவர் முதலில் அறிய வேண்டியது படத்தில் தெரியாது. கட்டி முடித்தபிறகு அந்த வீட்டின் உயரம் குறையும். சில வீடுகளில் முக்கால் சாண் அளவுக்கு.

காரணம் மரத்தின் நாரில் இருக்கிறது. பச்சை மரம் உலரும்போது நார் மெலிகிறது, குட்டையாவதில்லை. அதனால் தடியின் நீளம் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குகூடக் குறைவது அரிது. குறுக்கிலோ நூற்றுக்கு நான்கு முதல் எட்டு பங்குவரை சுருங்கிவிடும். நார்வேயின் பழைய தூண் தேவாலயங்களில் மரம் நின்றபடி பாரம் தாங்குவதால் உயரத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. தடிச் சுவரில் மரம் படுத்திருக்கிறது. ஒவ்வொரு தடியும் தன் பருமனில் சிறிது இழக்க, அத்தனை இழப்பும் சேர்ந்து கூரையைக் கீழே கொண்டுவருகிறது. பச்சை மரத்தில் கைவேலையாகக் கட்டினால் உயரத்தில் சுமார் 6 சதவீதம் இறக்கத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது வட அமெரிக்கத் தச்சர்களின் கணக்கு. இரண்டரை மீட்டர் சுவருக்கு அது 15 செ.மீ. பெரும்பகுதி இறக்கம் முதல் சில ஆண்டுகளிலேயே நடந்துவிடும்.

சுவர் மட்டும் இறங்கினால் கவலையில்லை. அதை ஒட்டி நிற்கும் மற்றவை இறங்காததுதான் சிக்கல். ஜன்னல் நிலை குறுகாது. செங்கல் புகைபோக்கி குறுகாது. நட்டுவைத்த தூண் குறுகாது. சுவரோடு இறுக்கி அறைந்த நிலையின்மேல் சில மாதங்களில் மேல்தடியின் பாரம் முழுவதும் உட்கார்ந்துவிடும். கதவு திறக்காது, கண்ணாடி விரிசல் விடும், தடிகளுக்கிடையே வெளிச்சம் தெரியும். இதைத் தவிர்க்க நல்ல தச்சர் நிலைக்கு மேலே ஓர் இடைவெளி விடுகிறார். வாசலுக்காக வெட்டிய தடிகளின் முனைகளில் மேலிருந்து கீழாக ஒரு காடி எடுத்து, அதில் ஒரு சட்டத்தை நழுவும்படி இறக்கி, நிலையை அந்தச் சட்டத்தில் மட்டுமே பொருத்துகிறார். தடிகள் சட்டத்தை உரசிக்கொண்டு இறங்கும், நிலை அசையாது. மேல் இடைவெளியை அமுங்கக்கூடிய கம்பளியால் நிரப்பி, பார்வைக்கு ஒரு பலகை வைத்து மூடுவார்கள். அந்தப் பலகையின் ஆணி ஒரு பக்கம் மட்டுமே இறங்க வேண்டும். நிலையையும் தடியையும் சேர்த்து அறைந்துவிட்டால் அத்தனை வேலையும் வீண்.

தூண்களின் அடியிலோ உச்சியிலோ திருகு ஜாக்கி வைத்து, சுவர் இறங்க இறங்க அதையும் திருகி இறக்க வேண்டும். இது குடியேறியபின் வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை; மறந்தால் அந்த இடத்தில் கூரை தூக்கிக்கொள்ளும். மாடிப்படியை மேலே மாட்டி, கீழ்முனையை நகர விட வேண்டும். செங்குத்தான குழாய்களுக்கு நழுவும் இணைப்பு வேண்டும். சமையலறை அலமாரியை இரண்டு மூன்று தடிகளில் சேர்த்துத் திருகக் கூடாது. குளியலறை ஓடுகளுக்குத் தடிச் சுவரைத் தொடாத தனிச் சட்டச் சுவர் தேவை. ஒப்பந்தம் போடுமுன் கட்டுநரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றியதல்ல என்பேன். “எத்தனை செ.மீ. இறக்கம் விட்டிருக்கிறீர்கள், எங்கெங்கே?” என்று கேளுங்கள். வரைபடத்தில் தொட்டுக் காட்டுகிறவரிடம் வேலையை ஒப்படைக்கலாம்.

இறக்கமே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. உலர்த்திய பலகைகளை ஒட்டிச் செய்த தடிகள் குறைவாகவே இறங்கும். நடுவில் ஒரு படலத்தின் நாரைச் செங்குத்தாக வைத்து ஒட்டும் தடிகள் அநேகமாக இறங்குவதே இல்லை. ஊருக்குள் பெரிய கண்ணாடி ஜன்னல்களோடு கட்டுகிறவர்களுக்கு இவை நியாயமான தேர்வு. ஆனாலும் கோடரி பட்ட உருண்டைத் தடியின்மேல் ஆசை வைத்தவரை இவை திருப்திப்படுத்துமா என்பது வேறு விஷயம். அந்த ஆசையில் தவறில்லை. அதன் பராமரிப்பையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது நீர். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கும்வரை அழுகல் பூஞ்சைக்கு வாழ்வில்லை. எனவே இறவாரம் அகலமாக நீள வேண்டும். அஸ்திவாரம் தரையிலிருந்து முழங்கால் உயரமாவது எழும்ப வேண்டும். கூரையிலிருந்து விழும் நீர் தரையில் பட்டுத் தெறித்துக் கீழ்த்தடியை நனைப்பதுதான் பல வீடுகளின் நோய்க்கு ஆரம்பம். மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் தடி முனைகள் வெட்டிய நார் வழியே நீரை உறிஞ்சும். இறவாரத்தின் நிழலைத் தாண்டி அவற்றை நீட்டக் கூடாது. வெளியே தடித்த வார்னிஷ் பூசுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். தடி வெடிக்கும்போது அதுவும் கிழிந்து, உள்ளே புகுந்த நீரை வெளியேற விடாது.

அழுகிய தடியை மாற்ற முடியும் என்பது இந்தக் கட்டுமுறையின் பெரிய பலம். ரஷ்யாவின் கீழி தீவில் 1714இல் எழுந்த, 22 குவிமாடங்கள் கொண்ட மரத் தேவாலயத்தை ஜாக்கிகளால் தூக்கி நிறுத்தி, அடுக்கு அடுக்காகப் பிரித்துப் பழுதான தடிகளைச் சீராக்கினார்கள்.

குளிரைப் பற்றி விற்பனையாளர் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும். மரம் கல்லைவிட நன்றாகக் குளிரைத் தடுக்கும், உண்மை. ஆனால் கம்பளிப் பொதி வைத்த நவீனச் சுவருக்கு அது ஈடாகாது. சுவர் வழியே வெப்பம் கசியும் அளவுக்குப் பின்லாந்தின் கட்டட விதி வைத்த ஒப்பீட்டு மதிப்பு சாதாரணச் சுவருக்கு 0.17, குறைந்தது 180 மி.மீ. தடிமனுள்ள தடிச் சுவருக்கு 0.40. எண் கூடினால் கசிவு கூடுகிறது. இந்தச் சலுகை இல்லாவிட்டால் தடி வீடு கட்டுவதே கடினம். கூரையிலும் தரையிலும் கூடுதல் காப்பு, நல்ல ஜன்னல்கள் என்று வேறிடத்தில் ஈடுகட்ட வேண்டும். அதைவிட முக்கியம் காற்றுக் கசிவு: மேல்தடியின் அடிவயிற்றைக் கீழ்த்தடியின் முதுகுக்கேற்பக் குடைந்து, இடையில் முன்பு பாசியும் இப்போது ஆளிநாரோ கம்பளியோ வைக்கும் வேலை சுத்தமாக இல்லையென்றால் எவ்வளவு பருத்த தடியும் பயன்படாது.

பின் ஏன் கட்டுகிறார்கள்? வட பின்லாந்தின் புதாஸ்யார்வி நகரம் பூஞ்சை பிடித்த பள்ளிக் கட்டடங்களால் அவதிப்பட்டது. 2016இல் தடிகளாலேயே பெரிய பள்ளி வளாகம் கட்டியது. ஒரே பொருளாலான சுவரில் பிளாஸ்டிக் தாளுக்கும் பஞ்சுக்கும் நடுவே ஈரம் ஒளிந்துகொள்ள இடமில்லை. மரம் அறையின் ஈரத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது.

வெடிப்புகளைக் கண்டு பயப்பட வேண்டாம். உலரும் தடி வெடிக்கத்தான் செய்யும், பலம் குறையாது. வெளிப்புறத்தில் மேல்நோக்கித் திறந்த வெடிப்பை மட்டும் அடைக்க வேண்டும், அதில் மழைநீர் தேங்கும். முதல் குளிர்காலத்தில் வீட்டைச் சட்டென்று சூடேற்றாதீர்கள். வேகமாக உலரும் தடி முறுக்கிக்கொள்ளும், வெடிப்பும் ஆழமாகும். வெப்பத்தை வாரம் வாரமாக ஏற்றுங்கள். ஜாக்கிகளையும் ஜன்னல் மேல் இடைவெளியையும் அந்த ஆண்டு அடிக்கடி அளந்து எழுதி வையுங்கள்.