சொன்னவர் யார், சொன்ன நிலை எது?

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அருளிச்செயல்களிலிருந்தோ இதிஹாஸ புராணங்களிலிருந்தோ ஓர் அடியை எடுத்து, "ஆழ்வாரே இப்படிச் சொல்லியிருக்கிறார்", "கீதையிலேயே இருக்கிறது" என்று முடிவு கூறுவதை நாம் அன்றாடம் கேட்கிறோம். அவ்வடி அந்நூலில் இருப்பது மெய்யாகவே இருக்கலாம். ஆயினும் நூலில் ஒரு வாக்யம் இருப்பது வேறு. அந்நூல் அவ்வாக்யத்தைத் தன் கருத்தாக அறுதியிடுவது வேறு. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாமல் பிறருக்கு எடுத்துரைப்பது வெறும் கவனக்குறைவா, அல்லது சொன்னவருக்கும் கேட்பவருக்கும் நாம் இழைக்கும் குற்றமா? இக்கேள்வியைப் பூர்வாசார்யர்கள் காட்டிய வழியில் சிறிது ஆராய்வோம்.

ஆர்த்தியா, ப்ரீதியா?

உடையவர் திருமாலையாண்டான் திருவடிகளில் திருவாய்மொழிக்குப் பொருள் கேட்ட காலத்தில் நிகழ்ந்ததாக ஓர் ஐதிஹ்யம் உண்டு. 2ஆம் பத்தின் 3ஆம் திருவாய்மொழியில் 3ஆம் பாசுரம் வந்தது. அறியாப் பருவத்திலேயே எம்பெருமான் தமக்கு அடிமையில் அன்பை விளைவித்ததையும், மாயையோடு கூடிய இவ்வுடலின் தொடர்பையும் ஆழ்வார் அதில் சேர்த்துப் பேசுகிறார். 'அன்பைத் தந்த பின்பும் இவ்வுடலோடே வைத்துவிட்டாயே' என்னும் ஆர்த்தியாக ஆண்டான் அதற்குப் பொருள் அருளிச்செய்தார். உடையவரோ, "முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் யாவும் உகப்பின் மிகுதியால் பிறந்தவையாயிருக்க, இடையில் இஃதொன்று மட்டும் வெறுப்பாவது எங்ஙனே? உடலோடு கட்டுண்டு அறியாமையில் கிடந்த காலத்திலேயே அன்பைத் தந்தாயே என்று சொற்களைக் கூட்டினால் இதுவும் உபகார ஸ்ம்ருதியே ஆகும்" என்று விண்ணப்பம் செய்தார். ஆண்டான் இதனை விச்வாமித்ர ஸ்ருஷ்டி என்று கருதிப் பொருளுரைப்பதையே நிறுத்திவிட்டார். பின்பு திருக்கோட்டியூர் நம்பி எழுந்தருளி, இப்பொருளை ஆளவந்தார் அருளிச்செய்யத் தாம் கேட்டிருப்பதாகக் கூறிய பிறகே காலக்ஷேபம் தொடர்ந்தது.

இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. பாசுரத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. சொற்பொருளிலும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இது முறையீடா, நன்றியா என்பதே கேள்வி. அதற்கு விடை அப்பாசுரத்துக்குள் மட்டும் இல்லை. முன்னும் பின்னும் இருந்தது. ஒரு வாக்யம் 'என்ன சொல்கிறது' என்பதோடு 'என்ன செய்கிறது' என்பதையும் அறிந்தாலன்றி அதனை அறிந்ததாகாது என்பதே இவ்வைதிஹ்யம் கற்பிக்கும் பாடம். ஆசார்யரிடத்தில் பேரன்பு பூண்ட சிஷ்யரே இடம் நோக்கிப் பொருள் கேட்டார் என்பதும் நினைக்கத் தக்கது. ஆராய்ந்து கேட்பது பக்திக்கு விரோதமன்று.

குரல்களின் அடுக்கு

திருவாய்மொழியின் 100 திருவாய்மொழிகளில் 27 அந்யாபதேசமாக அமைந்தவை: தலைமகள் பேச்சாக 17, தாய் பேச்சாக 7, தோழி பேச்சாக 3. இவற்றுள் 5ஆம் பத்தின் 6ஆம் திருவாய்மொழி நம் கேள்விக்கு மிக நெருங்கியது. உலகைப் படைத்தவளும் நானே, இடந்தவளும் நானே என்றாற்போன்ற பேச்சுகள் அதில் நிறைந்துள்ளன. ஓரடியை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டினால், ஜீவனே ப்ரஹ்மம் என்று ஆழ்வார் அறுதியிட்டதாக ஒருவர் வாதிடலாம்.

ஆனால் பேசுபவர் யார்? ஆழ்வார் தாயின் நிலையில் நின்று பேசுகிறார். அத்தாய் தன் மகள் சொன்னதை ஊராருக்கு எடுத்துரைக்கிறாள். மகளோ எம்பெருமான் பேச்சைத் தன் பேச்சாகப் பேசுகிறாள். கேட்ட தாய் அதனைத் தத்துவமாக ஏற்று அமைதி கொள்ளவில்லை. ஈசன் இவளுள் ஆவேசித்தானோ என்று கலங்குகிறாள். இத்தனை அடுக்குகளையும் கடந்தே அச்சொல் நம்மை வந்தடைகிறது. வ்யாக்யாதாக்கள் இவ்விடத்தில், கண்ணனைப் பிரிந்த கோபிமார் அவன் செயல்களைத் தம் செயல்களாகச் செய்து உயிர் தரித்த அநுகாரத்தை எடுத்துக்காட்டுவர். ஆக, இது ஒரு ஸித்தாந்த வாக்யமன்று. பிரிவாற்றாமையின் உச்சத்தில் தரிப்பதற்காக ஏறிட்டுக்கொண்ட பேச்சு. இதனை வாதத்துக்குச் சான்றாக்குபவர் ஆழ்வாருடைய கருத்தை இழப்பதோடு, அவருடைய ஆற்றாமையைக் காணவும் தவறிவிடுகிறார்.

இதனாலன்றோ நம் ஆசார்யர்கள் ஒவ்வொரு திருவாய்மொழிக்கும் அவதாரிகை அருளிச்செய்தார்கள்! கீழ் நின்ற நிலை எது, இப்போது பிறந்த நிலை எது, பேசுவது யாரை நோக்கி என்பவற்றை அவதாரிகை முன்னதாக நிறுவுகிறது. பதப்பொருள் அதற்குப் பின்பே வருகிறது. அவதாரிகையைக் கடந்து பதவுரைக்கு ஓடுவது, வாசலில் நில்லாமல் சுவரேறிக் குதிப்பது போலாகும்.

வாக்யங்களின் வகை

வேத வாக்யங்களை விதி, மந்த்ரம், அர்த்தவாதம் என்று மீமாம்ஸகர் வகுத்தனர். அர்த்தவாதத்தையும் மூன்றாக்கினர். வேள்வித் தூணைச் சூரியனென்பது போல, நேர்ப்பொருள் பொருந்தாமல் குணத்தால் பொருந்துவது குணவாதம். நெருப்பு குளிரைப் போக்கும் என்பது போல, முன்பே அறிந்ததைச் சொல்வது அநுவாதம். இந்திரன் வ்ருத்ரன்மேல் வஜ்ராயுதம் ஓங்கியதைச் சொல்வது போல, நிகழ்ந்ததைச் சொல்வது பூதார்த்தவாதம். ஒன்றை இகழும் வாக்யம் இகழப்பட்டதை அழிப்பதற்காக அன்று, விதிக்கப்பட்டதைப் புகழ்வதற்காகவே எழுந்தது என்னும் நியாயத்தையும் அவர்களே காட்டினர். ஒரு நூலின் முழுக்கருத்தை அறிய, உபக்ரம உபஸம்ஹாரங்களின் ஒருமை, அப்யாஸம், அபூர்வதை, பலம், அர்த்தவாதம், உபபத்தி என்று ஆறு அடையாளங்களும் சொல்லப்பட்டன.

இவ்வளவையும் மனத்திற்கொண்டு பகவத்கீதையின் முதல் அத்யாயத்தைப் பார்க்கலாம். குலநாசத்தைப் பற்றியும் அதனால் விளையும் கேடுகளைப் பற்றியும் அங்கே விரிவான வாதம் உண்டு. அது அர்ஜுனன் வாதம். போரிட மனமில்லாதவன், தன் கலக்கத்துக்குச் சாஸ்த்ர நடையில் நியாயம் தேடிய இடம் அது. எம்பெருமானுடைய உபதேசம் 2ஆம் அத்யாயம் 11ஆம் ச்லோகத்தில்தான் தொடங்குகிறது. அத்தொடக்கமே, வருந்தத் தகாதவற்றுக்கு வருந்திக்கொண்டு அறிவாளியைப் போலப் பேசுகிறாய் என்னும் கண்டிப்பாகும். ஆளவந்தாரும் கீதார்த்த ஸங்க்ரஹத்தில், தகாத இடத்தில் ஏற்பட்ட ஸ்நேகத்தாலும் கருணையாலும் கலங்கியவனைக் குறித்தே சாஸ்த்ரம் இழியப்பட்டதென்று அறுதியிட்டார். அர்ஜுனன் வாதத்தை எடுத்துக்கொண்டு 'கீதை சொல்கிறது' என்பவர், வினாவையே விடையாகக் கொண்டவராகிறார்.

ஸ்ரீராமாயணத்தில் ஜாபாலி பேசும் நாஸ்திக வார்த்தையும் அத்தகையதே. அதனைப் பெருமாள் சினந்து மறுத்தார். அவரைத் திருவயோத்யைக்கு மீட்கவே அவ்வார்த்தை சொல்லப்பட்டதென்று வஸிஷ்டரும் விளக்கினார். வால்மீகி எழுதினார் என்பதால் அது வால்மீகியின் கொள்கையாகிவிடாது.

கடினமான ஓர் இடம்

எளிய உதாரணங்களோடு நின்றுவிடுவது நேர்மையாகாது. தொண்டரடிப்பொடியாழ்வார் அருளிய திருமாலையின் 8ஆம் பாசுரத்தில், எம்பெருமானை நிந்திக்கும் புறச்சமயிகளைக் குறித்து மிகக் கடுமையான பேச்சு ஒன்று உண்டு. அதனைப் படிக்கும் இக்காலத்தவர் சிலர் கூசுகின்றனர். சிலர் அதையே பிறரைப் பகைப்பதற்கு அனுமதிச் சீட்டாக்குகின்றனர். இரு சாராரும் கேட்க மறந்த கேள்விகள் உள.

இது யாரை நோக்கிச் சொல்லப்பட்டது? திரண்ட கூட்டத்தை நோக்கியன்று. தனியே அரங்கனை நோக்கிச் சொல்லப்பட்டது. முதலில் வருவது எது? பொறுக்கவொண்ணாத நிந்தையைக் கேட்டால் அதுவே நோயாகித் தாம் முடிந்துபோவதே தகும் என்னும் தம் வேதனை. கடுஞ்செயலைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்பே, இயலுமானால் என்னும் நிபந்தனையோடு வருகிறது. இவ்வாழ்வார் வாழ்நாள் முழுதும் செய்த கைங்கர்யமோ நந்தவனம் அமைத்துத் திருமாலை கட்டியது. அன்பன் ஒருவன் தன் நாயகனிடத்தில் தன் நெஞ்சின் கொதிப்பைத் திறந்து காட்டிய இடம் இது. நமக்கு இடப்பட்ட விதியன்று.

இப்படிச் சொல்வதால் அச்சொல்லின் கடுமை மறைந்துவிடாது, மறைக்கவும் வேண்டா. அது ஒரு வேதனையின் அளவைக் காட்டும் சொல் என்பதை அறிந்தால், அவ்வேதனைக்குக் காரணமான ப்ரேமத்தை நாம் வேண்டிக்கொள்வோம். அறியாவிடில், ப்ரேமம் இல்லாத நாம் கொதிப்பை மட்டும் கடன் வாங்குவோம். ஒரு வாக்யத்தின் வகையைத் தவறாக அறிவதால் விளையும் கேடு, ஏட்டோடு நில்லாமல் பிறர் உயிர்வரை செல்லக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் வேண்டுமோ?

மறுபக்கத்து ஆபத்து

இனி ஓர் ஆக்ஷேபம் எழலாம். இடமும் நிலையும் பார்த்துப் பொருள் கொள்வதானால், நமக்கு ஒவ்வாத எந்த வாக்யத்தையும் 'அது அர்த்தவாதம்', 'அது அந்நிலையில் சொன்னது' என்று தள்ளிவிடலாமே என்று. இவ்வாக்ஷேபம் வலிமையுடையது. பகவந்நாமத்தின் பெருமையை வெறும் அர்த்தவாதம் என்று ஒதுக்குவதை அபசாரமாகவே பெரியோர் எண்ணினர். ஆழ்வார்கள் தம்மை நீசராகப் பேசிய இடங்களை 'நைச்யாநுஸந்தானம்' என்று பெயரிட்டுவிட்டு, அவை நமக்கு எவ்வகையிலும் உறைக்காதபடி கடந்துபோவதும் அத்தகையதே. அவ்விடங்களை ஆழ்வாரின் வாழ்க்கைக் குறிப்பாகக் கொள்வது ஒரு பிழை. எம்பெருமான் பெருமையின் முன்னே நம் சிறுமையை உணர்த்த வந்த சொல்லை, பெயர் சூட்டி அடக்கிவிடுவது அதனினும் பெரிய பிழை.

ஆகையால் ஒரு கட்டளை வேண்டும். எனக்கு இனிய வாக்யத்துக்கும் இன்னாத வாக்யத்துக்கும் ஒரே அளவுகோலைப் பிடிக்கிறேனா என்பதே அது. இன்னாததற்கு மட்டும் இடம் பார்த்து, இனியதைத் தனியடியாக எடுத்து ஆள்வேனாகில், நான் நூலின் கருத்தைத் தேடவில்லை. என் கருத்துக்கு நூலை வேலை வாங்குகிறேன். எம்பெருமானார் பேதம் சொல்லும் ச்ருதியையும் அபேதம் சொல்லும் ச்ருதியையும் ஒன்றால் ஒன்றைத் தள்ளாமல், உடல்–உயிர் உறவைக் காட்டும் கடக ச்ருதியைக் கொண்டு இரண்டுக்கும் முக்யமான பொருள் கண்டது இந்நேர்மைக்கு உயர்ந்த நிதர்சனம். வகை அறிவது வாக்யத்துக்கு அதற்குரிய இடத்தைக் கொடுப்பதற்கே, வாயடைப்பதற்கன்று.

இடம் நோக்கி ஆராய்ந்தவர்கள் எப்போதும் ஒரே முடிவை அடைவர் என்பதும் இல்லை. சரம ச்லோகத்தில் தர்மங்களை விடுதலைச் சொல்லும் பகுதியைப் பிள்ளை லோகாசார்யர் விதியாகக் கொண்டார். வேதாந்த தேசிகன் அநுவாதமாகக் கொண்டு நிர்வஹித்தார். விதியா அநுவாதமா என்னும் இவ்வொரு வேறுபாட்டிலிருந்து ப்ரபத்தியைப் பற்றிய எத்தனையோ விசாரங்கள் கிளைத்தன. இருவரும் முழு நூலையும் பாரம்பர்யத்தையும் முன்வைத்தே பேசினர். நாம் ஒரு பக்ஷத்தைப் பற்றி நிற்கலாம், நிற்கவும் வேண்டும். மற்றவர் படிக்கவேயில்லை என்று பேச நமக்கு அதிகாரமில்லை.

நம் கடமை

வ்யாக்யானங்களைப் படிக்கும்போது மற்றொரு நற்பழக்கம் கண்ணில் படும். ஒரே பாசுரத்துக்கு இரண்டு நிர்வாஹங்கள் இருந்தால், இஃது ஆளவந்தாருடையது, இஃது எம்பெருமானாருடையது, இது பட்டருடையது என்று பெயர் சொல்லியே பதிவு செய்வர். தம் கருத்தைப் பூர்வர்கள் தலையில் ஏற்றுவதில்லை. பூர்வர்கள் கருத்தைத் தமதாக்கிக்கொள்வதும் இல்லை.

நாமும் சொல்லும்போதும், எழுதும்போதும், கைப்பேசியில் ஒரு வரியை நூறு பேருக்கு அனுப்பும்போதும் இவ்வளவாவது செய்யலாம். இது மூலம், இது வ்யாக்யானம், இது வழிவழியாகக் கேட்ட ஐதிஹ்யம், இஃது அடியேனுடைய யோஜனை என்று பிரித்துச் சொல்லலாம். அனுப்புவதற்கு முன், சொன்னவர் யார், யாரிடம், எந்நிலையில், எதற்காக என்னும் நான்கையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். விடை தெரியாவிடில் அறிந்த பெரியோரிடம் கேட்கும்வரை பொறுக்கலாம்.

சேஷத்வம் என்பது கைங்கர்யத்தில் மட்டும் அமைந்ததன்று. பாசுரத்தின் முன்னே நிற்கும்போது நாம் அதற்குச் சேஷர். அது நமக்குச் சேஷமன்று. சொன்னவருடைய திருவுள்ளத்தை அறியுமளவும் நம் சொல்லை அடக்கி நிற்பதும் அடிமையே ஆகும்.

ஆழ்வார் எம்பெருமானார் திருவடிகளே சரணம்