சபையில் உட்கார்ந்திருந்தவர்கள்



மகாபாரதத்தில் சூதாட்ட சபையைப் பற்றிப் பேசும்போது துச்சாதனனைத் திட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அவன் ஒருவன்தான் சேலையைப் பிடித்து இழுத்தான். ஆனால் அந்தச் சபையில் பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார், கட்டிய கணவர்கள் ஐவரும் இருந்தார்கள். திரௌபதி நியாயம் கேட்டாள். தர்மம் நுட்பமானது, சொல்வது கடினம் என்றார் பீஷ்மர். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாஞ்சாலியை அதிகம் சுட்டது எது? இழுத்த கையா, பேசாத வாய்களா?

இன்று அந்தச் சபை நம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. படிவம் நான்கில் படிக்கும் ஒரு பிள்ளை, நம்பியவனுக்கு ஒரு படம் அனுப்புகிறாள். சண்டை வந்ததும் அவன் அதை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறான். குழுவில் நாற்பது பேர். ஒருவன் சிரிக்கிறான், ஒருவன் அடுத்த குழுவுக்கு அனுப்புகிறான், மீதிப் பேர் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். கேட்டால், "நான் எடுக்கலையே அண்ணே, வந்ததை அனுப்ப மட்டும்தானே செஞ்சேன்" என்பார்கள்.

தம்பி, நம் நாட்டுச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 2017ஆம் ஆண்டின் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டத்தின்படி 18 வயதுக்குக் குறைந்த எவரும் சிறாரே. அப்படிப்பட்ட படத்தைப் பரப்பினால் 15 ஆண்டுகள் வரை சிறை, பிரம்படியும் உண்டு. கைப்பேசியில் வைத்திருந்தாலே 5 ஆண்டுகள் வரை சிறை அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். "அவளே சம்மதிச்சு அனுப்பினா" என்பதால் அந்தப் படம் சட்டப்படியானதாக ஆகிவிடாது. பரப்பியவன் வயது குறைந்தவன் என்றால் வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குப் போகும். வழக்கே இல்லாமல் போய்விடாது.

"அது ஏஐயில் செஞ்ச பொய்ப் படம்தானே" என்றும் சொல்ல முடியாது. 2025 ஏப்ரலில் ஜோகூர் கூலாயில், சக மாணவிகளின் முகத்தை அப்படிப் பொருத்தி விற்றதாகச் சந்தேகிக்கப்பட்டு 16 வயது மாணவன் ஒருவன் கைதானான். படம் பொய்யாக இருக்கலாம், அந்தப் பிள்ளைகள் பட்ட அவமானம் பொய்யில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இப்படி ஒரு குற்றம் நடப்பது தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பவருக்கும் அதே சட்டம் 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கிறது. தர்மம் தெரிந்தும் சபையில் வாய் திறக்காதவனுக்குப் பாவத்தில் பங்கு உண்டு என்று விதுரர் அன்றைக்கே எச்சரித்தார். நமது சட்டமும் சமயமும் இந்த இடத்தில் ஒன்றையே சொல்கின்றன.

பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும் பணிவாக ஒரு வார்த்தை. விஷயம் வெளியே வந்தவுடன் "நீ ஏன் அனுப்பினே?" என்றுதான் முதல் கேள்வி எழுகிறது. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைத்து, பாதிக்கப்பட்ட பிள்ளையையே வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்வதும் நடக்கிறது. அவள் செய்தது தவறான நம்பிக்கை. பரப்பியவன் செய்தது துரோகம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? கண்ணன் சேலை கொடுத்தபோது திரௌபதியிடம் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. முதலில் மானத்தைக் காத்தான். நாமும் முதலில் பிள்ளையைக் காப்போம், அறிவுரையை அப்புறம் சொல்லலாம்.

அந்தச் சபையில் ஓர் இளைஞன் மட்டும் எழுந்து நின்றான். அவன் விகர்ணன், துரியோதனனின் சொந்தத் தம்பி. அண்ணனைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று அவன் தயங்கவில்லை. இது அநியாயம் என்றான். விவரம் தெரியாத சின்னப் பையன் என்று கர்ணன் அவனை அடக்கினான். அவன் பேச்சு அன்று எடுபடவில்லை. ஆனால் இன்றும் அவன் பெயரை மரியாதையோடு சொல்கிறோம்.

உங்கள் குழுவில் அப்படி ஒரு படம் வந்தால் நீங்கள் விகர்ணனாக இருங்கள். "இதை நிறுத்துடா" என்று எழுதுங்கள். சாட்சிக்காகக்கூட படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். யார் போட்டது, எந்தக் குழு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு பெற்றோரிடமோ ஆலோசக ஆசிரியரிடமோ சொல்லுங்கள். போலீஸ் புகார் செய்யத் துணைக்குப் போங்கள். அரசாங்கத்தின் தாலியான் காசே 15999 எண்ணுக்கும் அழைக்கலாம்.

தங்கையே, படம் வெளியானது உன்னுடையதாக இருந்தால், மிரட்டுகிறவனுக்குப் பணமோ இன்னொரு படமோ கொடுக்காதே. தனியாக அழுதுகொண்டும் இருக்காதே. எங்களிடம் வா. உன் மானம் அந்தப் படத்தில் இல்லை, அம்மா. இறைவன் குடியிருக்கும் உன் உள்ளத்தில் இருக்கிறது. அதை எவனும் பரப்ப முடியாது.

அடுத்த முறை கைப்பேசி ஒலிக்கும்போது, நாம் அந்தச் சபையில் எந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்த்துக்கொள்வோம்.

திருச்சிற்றம்பலம்.