நாட்சம்பளமும் வரலாறும்: மலையக மாணவர் கற்கவேண்டிய பாடம்

நடப்புச் செய்திகளை அறிந்து வைத்திருப்பது வேறு, அவற்றை எடைபோடத் தெரிந்திருப்பது வேறு. நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளில் பயிலும் மாணவர்கள் பரீட்சைக்காக ஆண்டுகளையும் அமைச்சர்களின் பெயர்களையும் மனனம் செய்கின்றனர். ஆனால் அதே நாளேட்டில் வரும் நாட்சம்பளம், காணியுரிமை, மண்சரிவு பற்றிய செய்திகள் தம் பெற்றோரின் வாழ்வைப் பற்றியவை என்பதாலேயே, படித்து ஆராய வேண்டியவை அல்ல, ஏற்கெனவே தெரிந்தவை என்று பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். தம் குடும்பத்தின் வாழ்வு ஏன் இவ்வாறு அமைந்தது என்று கேட்கத் துணை செய்யாத கல்வி எத்தகைய கல்வி என்பதே மலையகத்தின் ஒவ்வொரு மாணவர் முன்னும் நிற்கும் வினாவாகும்.

நாட்சம்பளத்தையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். பல ஆண்டுகள் நீடித்த ஆயிரம் ரூபாய்க் கோரிக்கை 2021 மார்ச் மாதத்தில் வர்த்தமானி, அதாவது அரசின் சட்டபூர்வ அறிவித்தல், வாயிலாக நடைமுறைக்கு வந்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாயாக உயர்ந்தது. செய்தி இத்துடன் முடிந்துவிடுகிறது. மாணவரின் ஆய்வோ இங்குதான் தொடங்க வேண்டும். அத்தொகை, தோட்டத்தில் ‘பேர்’ என வழங்கும் ஒரு முழு நாள் பதிவுக்கு உரியது. நிர்வாகம் விதித்த நிறைக்குக் கொழுந்து பறிக்க இயலாதவருக்கு அரைப்பேரே விழும். விதித்த நிறையை எட்டுவது பறிப்பவரின் கைவேகத்தை மட்டுமன்றி மழையையும் வெயிலையும், புல் மண்டிய மலையா துப்புரவான மலையா என்பதையும் பொறுத்தது. மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்பது இன்னொரு கணக்கு. பெற்ற தொகையிலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கு 8 விழுக்காடும், தொழிற்சங்கச் சந்தாவும், தீபாவளி முற்பணத்தின் தவணையும் கழிவது மற்றொரு கணக்கு. ஆகவே 1350 என்னும் எண் ஒரு குடும்பத்தின் வருமானத்தைச் சொல்வதில்லை என்பதை, தன் தாயின் சம்பளச் சீட்டை வைத்துக் கணக்கிடும் மாணவரால் எந்தப் பொருளியல் நூலின் உதவியுமின்றி நிறுவ முடியும்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் அம்மாணவர் செவிமடுக்கத்தான் வேண்டும். தேயிலையின் விலை கொழும்பு ஏலத்தில் தீர்மானிக்கப்படுகிறது என்றும், உற்பத்திச் செலவு கூடியுள்ளது என்றும், ஒருவர் பறிக்கும் கொழுந்தின் அளவு போதாது என்றும் பெருந்தோட்டக் கம்பனிகள் கூறுகின்றன. அவற்றை வெறும் சாக்கு என ஒதுக்குவதைவிட, 1970களில் அரசுடைமையாகி 1992இல் மீண்டும் தனியார் நிர்வாகத்துக்குக் கைமாறிய தோட்டங்களில் முதுமையடைந்த செடிகளை அகற்றி மறுநடுகை செய்யும் பொறுப்பு யாருடையதாக இருந்தது, அது எவ்வளவு நிறைவேறியது என்று திருப்பிக் கேட்பதே பயனுள்ளதாகும்.

சம்பளம் குறித்த இவ்விவாதம் நேற்றுத் தோன்றியதன்று. இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்தது. தொழிற்சங்கத் தலைவரான கோ. நடேசய்யர் தோட்டங்களுக்குள் வெளியார் நுழையத் தடை இருந்த காலத்தில் புடைவை வியாபாரியின் வேடத்தில் உள்ளே சென்று தொழிலாளரிடம் பேசியவர். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாட்டுகளின் வழியாக உரிமைகளை எடுத்துரைத்தவர். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்கூலி, கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்களாக இருந்தும், 1984ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்துக்குப் பின்னரே கிடைத்தது. இவற்றை அறிந்த மாணவர், சம்பள உயர்வை யாரோ ஒரு தலைவர் வழங்கிய கொடையாக எண்ணமாட்டார்.

இச்சமூகத்தின் பேரம்பேசும் வலிமை ஏன் இவ்வளவு காலம் தாழ்ந்திருந்தது என்ற கேள்விக்கான விடை குடியுரிமையின் வரலாற்றில் உள்ளது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினர் வாக்காளராயினர். சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இன் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கையும் பறித்தது. பின்னர், 1964 அக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இவ்வாறு நாடற்றவரான 9,75,000 பேரைப் பங்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு முடிவு செய்வதென்றும் விதித்தது. அம்மக்களிடம் விருப்பம் கேட்கப்படாமலே இரு தலைநகரங்களுக்கிடையே இக்கணக்கு முடிந்தது. நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டங்கள் 1980களிலும் 2003இலும் வந்தன. வாக்கில்லாதவருக்காகப் பாடசாலையும் மருத்துவமனையும் வீதியும் கேட்கக்கூடிய பிரதிநிதியும் இல்லை. இன்று தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞான ஆசிரியர் இல்லையெனில் அக்குறையின் வேரும் பெரும்பாலும் அங்கேயே உள்ளது.

காணி பற்றிய விவாதத்தில் இவ்வேர் இன்னும் தெளிவாகத் தெரியும். லயன் எனப்படும் வரிசை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் அவற்றுக்கு உறுதிப்பத்திரம், அதாவது உரிமைச் சான்று, இல்லாத குடும்பங்களே மிகுதி. அண்மைய வீடமைப்புத் திட்டங்களில் குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச்சஸ் காணி வழங்கப்பட்டது. ஒரு பேர்ச்சஸ் ஏறத்தாழ 25 சதுர மீற்றர். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் அபாயமானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகமெங்கும் மண்சரிவுகளை விளைவித்தபோது, பாதுகாப்பான காணி எங்கே என்ற அதே கேள்வி மீண்டும் எழுந்தது. சொந்த நிலம் உள்ளவர் ஆபத்தான இடத்தை விற்றோ விட்டோ வேறிடம் தேடலாம். தோட்டத்தின் அனுமதியில் வாழ்பவருக்கு அத்தெரிவு இல்லை. ஆகவே புயலை இயற்கையின் செயலென்றும், அதில் யார் அதிகம் இழந்தனர் என்பதை வரலாற்றின் செயலென்றும் பிரித்தறிவது மாணவர் பெறவேண்டிய தெளிவாகும்.

வரலாற்றை நோக்குபவர் தம் சமூகத்தையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும். தொழிலாளரின் கடனைச் சீட்டில் குறித்து அவர்களை அதில் கட்டிவைத்த துண்டு முறையால் பயனடைந்த, ஆள்திரட்டி மேற்பார்த்த கங்காணிகளும் தமிழரே. 1948இன் குடியுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து தமிழ்க் காங்கிரஸ் பிளவுபட்டு, 1949இல் தமிழரசுக் கட்சி தோன்றுமளவுக்குத் தமிழ்த் தலைமைகளிடையே கருத்து வேறுபாடு நிலவியது. உழைப்பின் பெரும்பகுதியைப் பெண்கள் சுமக்கும் தோட்டங்களில் தொழிற்சங்கத் தலைமை ஏன் ஆண்களிடமே தங்கியுள்ளது என்பதும், சாதி வேறுபாடு திருமணத்திலும் கோயில் திருவிழாவிலும் ஏன் இன்னும் தலையெடுக்கிறது என்பதும் மாணவர் தயங்காது எழுப்பவேண்டிய வினாக்கள். பிறர் இழைத்த அநீதியை மட்டும் எண்ணுவது வரலாறாகாது.

இத்தகைய ஆய்வுக்குச் சான்றுகள் தொலைவில் இல்லை. வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, தொழிலாளரின் நாட்டார் பாடல்களைத் திரட்டி நூலாக்கினார். ஆவணக் காப்பகங்களில் துரைமார் எனப்பட்ட தோட்ட நிர்வாகிகளின் கணக்கேடுகள் மிகுந்திருக்க, தொழிலாளரின் குரல் பாடல்களிலும் முதியோரின் நினைவிலுமே அதிகம் எஞ்சியுள்ளது என்பதை அவர் உணர்ந்திருந்தார். செக்ரோல் எனப்படும் பழைய வேலைநாள் பதிவேடு, குடியுரிமைச் சான்றிதழ், தமிழகக் கரையில் பயணிகள் தங்கவைக்கப்பட்ட மண்டபம் முகாம் பற்றிய பாட்டனின் நினைவு ஆகிய ஒவ்வொன்றும் ஓர் ஆவணமே. ஆனால் நினைவு தவறக்கூடியது என்பதால் அதனை எழுத்துச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் உடன் வேண்டும்.

மலையகத்தில் கல்வி என்பது தோட்டத்தைவிட்டு வெளியேறும் வழி என்றே நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்துள்ளது. வறுமையிலிருந்து மீள விரும்பும் எவரையும் அதற்காகக் குறைகூற இயலாது. எனினும் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ செல்லும் மாணவரும் தம் பெற்றோர் ஏன் ஒரு பேருக்காக மலையேறினர் என்பதை விளக்கத் தெரிந்தவராகச் செல்ல வேண்டும். 2023இல் மலையகத்தின் இருநூறு ஆண்டுகள் நினைவுகூரப்பட்டன. விழாக்கள் முடிந்தபின் எஞ்சும் கடமை மாணவருடையதாகும். ஆதலால் ஒவ்வொரு மாணவரும் அடுத்த சம்பள அறிவிப்பு வெளிவரும் நாளில் அதை வாசித்துவிட்டு நாளேட்டை மடித்துவைக்காமல், அத்தொகையைத் தம் வீட்டின் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டு எழுதிவைக்கத் தொடங்க வேண்டும்.