விசையின் எடை

கைத்துப்பாக்கியின் விசையை இலகுவாக்கி, அதன் கைப்பிடியைத் தன் கைக்கேற்பச் செப்பனிட்டுக்கொள்வது அறத்துக்கு ஒத்ததா என்னும் வினா, பால்மரத்தையும் செம்பனையையும் நம்பி வாழ்ந்த நமக்கு எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் இந்நாட்டில் குற்றம். உரிமம் பெற்றோர் நம்மவரில் அரிதினும் அரியர். ஆயினும், நமது பாயா ரும்புட் வட்டாரத்தில் தோட்டங்கள் வீடமைப்பு மனைகளாகிவிட்ட இந்நாளில், மாலைப்பொழுதில் கைப்பேசியைச் சுற்றிக் கூடி நிற்கும் இளைஞர்கள் எதைக் கண்டு வியக்கின்றனர் என்று சற்றே எட்டிப் பார்த்தோர் இக்கேள்வியை வீண் என்னமாட்டார்கள். "கத்தியைத் தீட்டினால் உழைப்பு என்கிறீர்கள், விசையைத் தீட்டினால் மட்டும் பாவமா, ஐயா?" என்று அவர்களில் ஒருவர் நம்மை வினவினார். போலீசைக் காட்டிப் பயமுறுத்துவது இதற்குப் பதிலாகாது. அறிவை நம்புவோர் அறிவாலேயே பதில் கூறுதல் வேண்டும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். விசையை விரல் பின்னிழுக்க, உள்ளே ஒரு கொக்கி நழுவ, வில்லின் அழுத்தத்தில் அடைபட்டிருந்த ஊசி விடுபட்டுத் தோட்டாவின் அடியைக் குத்துகிறது. அக்கொக்கியை நழுவச் செய்யத் தேவைப்படும் வலிமையே விசையின் எடை. 1988இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய குளோக் 19 என்னும் சிறு கைத்துப்பாக்கியில் அது ஏறத்தாழ 5½ ராத்தல். உராயும் பகுதிகளை மெருகிட்டு, வில்லையும் இணைப்புத் தகட்டையும் மாற்றி, அதனை 3½ ராத்தல் அளவுக்குக் குறைப்போர் உண்டு. கைப்பிடியின் கதையும் இத்தகையதே. பிடி பருத்திருந்தால் சிறு கையினரின் விரல் விசையை நேரே இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளும். குண்டு குறி விலகும். இதற்காகவே குளோக்கில் பிடியின் பின்புறத்தை வெவ்வேறு பருமனில் மாற்றிக்கொள்ளும் வகை 2010இல் வந்தது. நம் தமிழில் துப்பாக்கியின் இவ்வுறுப்புக்குக் 'குதிரை' என்றொரு பழைய பெயரும் வழங்கியதுண்டு. அழகிய பெயர். கடிவாளம் யார் கையில் என்ற கேள்வியும் அப்பெயருக்குள்ளேயே ஒளிந்துகிடக்கிறது.

இனிக் கத்திக்கு வருவோம். இளைஞர் காட்டிய உவமை அவர் எண்ணியதைவிட ஆழமானது. 1896இல் டான் சே யான் என்பார் இம்மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட நாள் தொட்டு, இம்மண்ணில் நம் தாய்மார் கையில் இருந்தது பால்வெட்டும் கத்தி. பட்டைக்கும் மரத்துக்கும் இடையே உயிர்த்தோல் ஒன்று உண்டு. அதைத் தொடாமல் நூலிழை அளவு இடைவிட்டுச் சீவ வேண்டும். தொட்டால் மரம் காயப்படும். ஆறிய இடத்தில் முண்டு விழும். புதுப்பட்டை சமனாக வளராது. பின்னாளில் அவ்விடத்தில் கத்தி ஓடாது. எந்தக் கத்தி மரத்தை அதிகம் காயப்படுத்தும்? கூரியது என்பர் அறியாதோர். வெட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். மொட்டைக் கத்தி என்பார். மொட்டைக் கத்திக்குக் கை பலம் கொடுக்க வேண்டியிருக்கிறது. பலம் கொடுத்த கை நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதில்லை. அதனாலன்றோ விடியுமுன் கல்லில் தீட்டினார்கள்!

துப்பாக்கியிலும் இது மெய்ப்பட்டதுண்டு. நியூயார்க் நகரப் போலீசார் 1990களில் பழைய சுழல் துப்பாக்கியைக் கைவிட்டுப் புதுக் கைத்துப்பாக்கிக்கு மாறியபோது, அவசரத்தில் சுட்டுவிடக்கூடாதே என்று அஞ்சி, விசையைச் சுமார் 12 ராத்தலாகக் கனமாக்கி வைத்தனர். தோட்டா நிரப்பிய நிலையிலும் அத்துப்பாக்கி 2 ராத்தல்தான் இருக்கும். தன் எடையைப்போல் ஆறு மடங்கு வலிமையால் இழுக்கப்படும் பொருள் கையில் ஆடாமல் நிற்குமா? 2012 ஆகஸ்டு 24ஆம் நாள், எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் எதிரே, சற்றுமுன் ஒருவரைக் கொன்றுவிட்டு வந்தவனை நோக்கி இரு போலீசார் 16 முறை சுட்டனர். அவன் மாண்டான். வழிப்போக்கர் ஒன்பது பேரும் காயமுற்றனர். ஒன்பதும் போலீசாரின் குண்டாலும் அதன் சிதறலாலும் நேர்ந்தவை. நெரிசலான தெரு, நொடிப்பொழுது, போதாத பயிற்சி எனக் காரணங்கள் பல இருக்கலாம். விசையின் கனமும் அவற்றுள் ஒன்றென அன்று பலர் எடுத்துரைத்தனர். இரக்கத்துக்காக ஏற்றிய எடை இரக்கத்தைத் தரவில்லை என்பதில் மட்டும் ஐயமில்லை.

ஏன் தரவில்லை? ஆறு ராத்தல் கூடுதலாக வைத்தால் ஆறு ராத்தல் அறிவு கூடிவிடுமோ? விசையின் கனம் சிந்திக்க நேரம் தருகிறது என்பது ஒரு மயக்கம். கொல்லத் துணிந்தவனுக்கு 12 ராத்தலும் ஒன்றே, 3 ராத்தலும் ஒன்றே. கனம் தடுப்பது வேறொன்றை. கால் இடறினால், திடீரென ஓசை கேட்டால், மனிதன் கை தன்னையறியாமல் இறுகும். மனம் ஏவாத அந்த அசைவையே விசையின் எடை தடுக்கிறது. அதாவது, அது விபத்துக்குக் காவல், வினைக்குக் காவலன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே நியூயார்க்காரின் பிழை என்பது நம் அபிப்பிராயம். இலகுவான விசையைப் போற்றும் கூட்டத்தாரும் மறுபுறம் நின்று இதே பிழையைச் செய்கின்றனர். குறி தப்பாது என்பதாலேயே செயல் சரியாகிவிடும் என்று எண்ணுகின்றனரே!

ஆகவே இளைஞருக்கு நாம் கூறுவது இது: திருத்துவது பாவமன்று, ஆனால் திருத்தியவனுக்குச் சாக்கு இல்லை. கடையில் வாங்கிய கருவி குறி தப்பினால் கருவியின் மேல் பழி போடலாம். தன் விரலுக்கென்று விசையையும் தன் உள்ளங்கைக்கென்று பிடியையும் அமைத்துக்கொண்டவன், தனக்கும் செயலுக்கும் நடுவே இருந்த சாட்சியை அகற்றிவிட்டான். இரும்பிலிருந்து எடுத்த இரண்டு ராத்தலைத் தன் நெஞ்சிலே ஏற்றிக்கொள்ள வேண்டும். சுடத் தீர்மானிக்கும்வரை விரலை விசைக் கூட்டுக்கு வெளியே வைக்கும் பழக்கமும், கோபம் வந்த வேளையில் அதைத் தொடாத பழக்கமும் கைகூட வேண்டும். இவை கடையில் கிடைப்பதில்லை. 1967 ஜனவரி 12ஆம் நாள் இராமாவரத்தில் எம். ஆர். இராதா எம்.ஜி.ஆரைச் சுட்ட செய்தி தோட்டத்துத் திரைமேடைவரை எட்டி, நம் பெரியோர் பலரைக் கலங்கச் செய்தது. எம்.ஜி.ஆர். பிழைத்தார். ஆயினும் அதுவரை நாம் கேட்டிருந்த குரல் அதற்குப்பின் கேட்கவில்லை. பகுத்தறிவு பேசிய நாவுக்குரியவரின் கையிலேயே அது நேர்ந்தது என்பதை நம்போன்ற சீர்திருத்தக்காரர்கள் மறைத்துப் பேசுதல் அழகன்று.

கைப்பிடியைப் பற்றியும் ஒரு சொல். டில்லியில் 2012 டிசம்பரில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப்பின், 2014இல் கான்பூரிலுள்ள அரசாங்க ஆலையொன்று பெண்களுக்கென்று சிறு சுழல் துப்பாக்கி ஒன்றை வெளியிட்டது. பெயர் 'நிர்பீக்', அஞ்சாதது என்று பொருள். எடை 500 கிராம். விலை ஏறத்தாழ 1,22,000 ரூபாய். நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்து விற்றார்கள்! பெண்ணின் கைக்கும் பைக்கும் அடங்க ஆயுதத்தைச் சிறிதாக்க ஓராண்டு போதுமாயிருந்தது. இரவில் அவள் அஞ்சாமல் ஏறக்கூடிய பேருந்தைச் செய்ய எத்தனை ஆண்டு போதும்? அத்துணை விலை கொடுக்கக்கூடிய பெண் பேருந்தில் செல்பவளும் அல்லள். அவளுக்கு ஆயுதம் கூடாது என்பது நம் கட்சியன்று. ஆணுக்கு உள்ள தற்காப்பு உரிமை அவளுக்கும் உண்டு. ஆனால் திருத்தவேண்டிய பொருள் எது என்பதில் நமக்கும் அவ்வாலையாருக்கும் வேறுபாடு உண்டு.

நிற்க. விசை என்பது துப்பாக்கிக்கு மட்டும் உரியதன்று. சட்டத்துக்கும் ஒரு விசை இருக்கிறது. அதன் எடை எவ்வளவு என்பதே நம்மவர் உயிரோடு ஒட்டிய கேள்வி.

தஞ்சை மண்ணில் பிறந்து மலாயாவுக்கு வந்த எஸ். ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்தவர். 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது; சம்மேளனமும் சட்டத்துக்குப் புறம்பாயிற்று. 1949 மார்ச் மாதம் முதல் நாள் ரவாங்கை அடுத்த தோட்டப்புறத்தில் அவர் பிடிபட்டார். கையில் ஒரு துப்பாக்கி, ஆறு தோட்டாக்கள். அதைப் போலீசாரிடம் ஒப்படைக்கவே எடுத்துச் சென்றார் என்று அவர் தரப்பினர் சொல்லி வந்துள்ளனர். எப்படியாயினும், அவர் சுட்டதற்காகத் தண்டிக்கப்படவில்லை, வைத்திருந்ததற்காகவே தண்டிக்கப்பட்டார். அவசரகால விதியின்படி அதற்கு மரணமே தண்டனை. இந்திய அரசாங்கம் பரிந்து பேசியும், மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். பிடிபட்ட நாளிலிருந்து எண்ணினால் 64 நாட்கள். அவர் கையிலிருந்த துப்பாக்கியின் விசை எத்தனை ராத்தலோ, அவரைக் கொன்ற விதியின் விசை அதனினும் இலகுவாயிருந்தது.

விடுதலைக்குப் பின்னும் அவ்விசை கனக்கவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் துப்பாக்கி வைத்திருந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு 1977இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. உலகம் அதிர்ந்தபின் அது குறைக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிக் குற்றங்களுக்கான கடுந்தண்டனைச் சட்டமோ, கொள்ளை முதலிய குற்றங்களில் கொல்லவோ காயப்படுத்தவோ எண்ணிச் சுட்டவனுக்கு, யாருக்கும் காயம் படாவிடினும் மரணம் என்றது. அவனைத் தடுக்கத் தன்னால் இயன்றதைச் செய்ததாக மெய்ப்பிக்க முடியாத கூட்டாளிக்கும் அதுவே. விசையில் விரலே வைக்காதவன்! இவன் ஏன் வந்தான், யார் இழுத்து வந்தார், வயதென்ன, வறுமையென்ன என்று தயங்குவதற்குச் சட்டத்தில் ஓர் உறுப்புத்தான் உண்டு. அது நீதிபதியின் மனம். கட்டாய மரணதண்டனை அவ்வுறுப்பையே கழற்றி எறிந்துவிட்டது. துப்பாக்கிக்கு மெருகிடுவோரும் இவ்வளவு துணிவதில்லை. அவர்கள் கொக்கியைத் தேய்ப்பார்களேயன்றிக் கழற்றமாட்டார்கள்.

2023 ஜூலை 4ஆம் நாள் முதல் கட்டாயம் நீங்கியது. மரணமா, 30 முதல் 40 ஆண்டுச் சிறையா என்று நீதிபதி எண்ணிப் பார்க்கலாம். முன்னரே தண்டிக்கப்பட்டிருந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மறுபார்வைக்கு மனுச்செய்ய வழி திறந்தது. கூட்டரசு நீதிமன்றம் ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்துப் படிக்கலாயிற்று. அவருள் நம்மவரும் இருந்தனர். அவர்கள் வீட்டார் பலர், மனு என்றால் என்ன, யாரிடம் செல்வது, எத்தனை நாளுக்குள் என்று அறியாதவர்களாயிருந்தனர். எழுதப் படிக்கத் தெரிந்தோர் தோட்டத்துக்கு ஒருவராவது அவர்களுடன் உட்கார்ந்து அந்தத் தாள்களை வரிவரியாகப் படித்துச் சொல்லியிருக்கவேண்டும்.